‘பிஞ்ச் ஆஃப் சால்ட்’ சரியாகச் சொல்வது எப்படி? காரைக்குடி வகுப்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டு விருந்தினர்களைச் சுற்றிக் காட்டும் வேலையில் பல வருஷம் இருந்தேன். இப்போது அதே வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் காரைக்குடியில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வகுப்பில் எல்லாரும் தடுக்கி விழும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘டேக் இட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்’. ஒருவர் சொன்னதை அப்படியே விழுங்காமல், கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டுக்கொள் என்பது பொருள்.

ஐந்து நிமிடப் பாடம் என்று நினைத்துத்தான் முதல் வருஷம் தொடங்கினேன். இப்போது இதற்கு ஒரு வாரம் ஒதுக்குகிறேன். பொருளைச் சொன்னால் எல்லாருக்கும் புரிகிறது. வாயில் வரும்போதுதான் ஆள் மாறி, இடம் மாறி, அளவு மாறி வருகிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். வாக்கியத்தை முதலில் மனப்பாடம் செய்துவிட்டுப் பொருளுக்குப் பிறகு வரலாம் என்று நினைத்தவர்கள்தான் விருந்தினர் முன்னால் அதிகம் மாட்டிக்கொண்டார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு வேண்டும். போன வாரம் உங்கள் காதில் விழுந்த, முழுதாக நம்ப முடியாத ஐந்து பேச்சுகளை அதில் தமிழிலேயே எழுதுங்கள். ‘இன்னும் ரெண்டே நாள் வேலைதாண்ணே’ என்று கொத்தனார் சொன்னது, ‘பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறேன்’ என்று வீட்டில் இருந்துகொண்டே நண்பன் சொன்னது, வாட்ஸாப்பில் வந்த வைத்தியக் குறிப்பு, இப்படி எதுவும் சரி. புத்தகத்து உதாரணம் எதற்கு ஆகாது என்றால், அதில் உங்களுக்கு உண்மையான சந்தேகம் இருக்காது. சந்தேகமே இல்லாமல் சந்தேகத்தைச் சொல்லிப் பழகினால் குரல் தட்டையாக வரும்.

அடுத்து, ‘டேக்’ என்ற வினையின் மூன்று வடிவங்கள் தடுமாறாமல் வர வேண்டும்: டேக், டுக், டேக்கன். இது வராதவர்கள் இரண்டு நாள் தள்ளிச் சேருங்கள் என்று நான் சொல்லிவிடுவேன்.

மூன்றாவது ஒரு முடிவு. பிரிட்டிஷ்காரர்கள் ‘பிஞ்ச் ஆஃப் சால்ட்’ என்பார்கள். அமெரிக்கர்கள் ‘கிரெய்ன் ஆஃப் சால்ட்’ என்பார்கள். ஒன்று சிட்டிகை உப்பு, மற்றது ஒரு உப்புக்கல். பொருளில் வித்தியாசம் இல்லை. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள், இரண்டையும் கலந்து பழகினால் அவசரத்தில் ‘கிரெய்ன் ஆஃப் பிஞ்ச்’ என்று வரும். வந்திருக்கிறது.

காதுக்கும் ஒரு குறிப்பு. ‘பிஞ்ச்’ என்றதும் கத்தரிப்பிஞ்சை நினைக்க வேண்டாம், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுக்கும் அளவு அது. இங்கிலாந்துக்காரர் வாயில் ‘சால்ட்’ என்பது ‘சோல்ட்’ மாதிரி ஒலிக்கும். பழம்பொருள் கடையில் நின்றுகொண்டு அதை ‘விற்றாச்சு’ என்று எடுத்துக்கொண்ட பையனும் என் வகுப்பில்தான் இருந்தான்.

2. முதலில் நம் ஊர் உப்பை மறந்துவிடுங்கள்

தமிழில் உப்புக்கு ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்றால் நன்றி. ‘சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிறே?’ என்றால் ரோஷம். ‘உப்புக்குப் பெறாத விஷயம்’ என்றால் அற்பம். ஆங்கில வாக்கியத்தில் உப்பைப் பார்த்ததும் மனசு இந்த மூன்றில் ஒன்றைத் தானாக எடுத்துக்கொடுக்கும். மூன்றுமே இங்கே தப்பு.

ஒரு தங்கும் விடுதியில் ராத்திரி ஏசி நின்றுவிட்டது. காலையில் விருந்தினருக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் எழுதும் பொறுப்பு வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு வந்தது. என்னிடம் படித்த பெண்தான், கெட்டிக்காரி. ‘பிளீஸ் டேக் அவர் அப்பாலஜி வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்’ என்று முடித்திருந்தாள். உங்கள் உப்பைத் தின்கிறவர்கள் நாங்கள், நன்றி மறக்க மாட்டோம் என்ற நினைப்பில் எழுதியது. படித்தவருக்குக் கிடைத்த பொருள்: ‘மன்னிப்புக் கேட்கிறோம், ஆனால் அதை ரொம்ப நம்பிவிடாதீர்கள்’. பதில் இரண்டே சொல்லில் வந்தது: ‘ஐ வில்.’

அதை என்னிடம் காட்டி, ‘சார், அவங்க ஒத்துக்கிட்டாங்கதானே?’ என்று கேட்டாள். அன்றிலிருந்துதான் இந்தப் படியை முதலில் வைக்கிறேன்.

அப்படியானால் அந்த உப்பு எதற்கு? சமையலறையிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். வாயில் வைத்தால் இறங்காத ஒரு பண்டம். ஒரு சிட்டிகை உப்பு தூவினால் ஒரு மாதிரி இறங்கிவிடும். கேட்ட பேச்சுதான் அந்தப் பண்டம், சந்தேகம்தான் உப்பு. முக்கியமாகக் கவனியுங்கள்: பண்டத்தை நீங்கள் தள்ளிவிடவில்லை. சாப்பிட்டுவிட்டீர்கள்.

3. எவ்வளவு கழிப்பது என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியில் மட்டும்தான் நேரம் செலவழிப்பேன் என்றால் அது இதுதான். ‘நம்பாதே’ என்று பொருள் எழுதி வைத்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்கத் தப்பாகவே சொல்வீர்கள். தமிழில் இதற்கு மிக நெருங்கிய பேச்சு ‘கழிச்சுக் கேளு’ என்பது. ‘அவன் ஒண்ணுக்குப் பத்தாச் சொல்லுவான், பாதியைக் கழிச்சுட்டுக் கேளு’ என்கிறோமே, அதேதான். பேச்சில் சரக்கு இருக்கிறது, சேதாரமும் இருக்கிறது. சேதாரத்தைத் தள்ளிவிட்டுச் சரக்கை எடுத்துக்கொள்கிறோம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வகுப்பை ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போவேன். கடைக்காரர் ஒரு மங்குத் தட்டை எடுத்துத் துடைத்துக் கையில் கொடுக்கிறார். ‘ஆச்சி வீட்டுச் சாமான் சார், நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.’ தட்டு பழசுதான், விளிம்பில் எனாமல் தெறித்து இரும்பு தெரிகிறது. வெளிநாட்டில் செய்ததுதான், அடியில் முத்திரை இருக்கிறது. நூறு என்பது அறுபதாக இருக்கலாம், எழுபதாக இருக்கலாம். ஆச்சி எந்த ஊர் ஆச்சி என்பது கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். இங்கே நம் வாக்கியம் கச்சிதமாகப் பொருந்தும். ‘ஐ வுட் டேக் தி ஏஜ் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்.’ வயசை மட்டும் கழித்துக்கொள்கிறேன் என்கிறீர்கள். தட்டை யாரும் பொய் என்று சொல்லவில்லை.

அதே தட்டை இங்கிலாந்துச் சரக்கு என்று ஒருவர் சொல்லி, திருப்பிப் பார்த்தால் அடியில் ஜப்பான் என்று முத்திரை இருந்தால்? அங்கே உப்பு செல்லாது. கண் முன்னால் பொய்யாகிவிட்டதை உப்புத் தூவி விழுங்க முடியாது. ‘தட்ஸ் நாட் ரைட்’ என்று நேராகச் சொல்லிவிடலாம், அல்லது வாயை மூடிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம். நான் இரண்டாவது ரகம்.

இப்போது நோட்டைத் திறந்து, நீங்கள் எழுதிய ஐந்துக்கும் பக்கத்தில் புள்ளி வையுங்கள். ஒரு புள்ளி என்றால் கொஞ்சம் கழிக்க வேண்டியது: ‘எ பிஞ்ச் ஆஃப் சால்ட்’. இரண்டு புள்ளி என்றால் நிறையக் கழிக்க வேண்டியது: ‘எ லார்ஜ் பிஞ்ச் ஆஃப் சால்ட்’, ‘எ ஹெல்தி பிஞ்ச் ஆஃப் சால்ட்’. மூன்று புள்ளி என்றால் நம்பவே தேவையில்லை, அதற்கு இந்த வாக்கியமே வேண்டாம், ‘ஐ டோன்ட் பிலீவ் இட்’ என்று முடித்துவிடுங்கள்.

இந்தப் படியில் வரும் தப்பு ஒன்றே ஒன்று. எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் மூன்று புள்ளி வைக்கத் தோன்றும். ‘காதுல பூ சுத்துறான்’, ‘ரீல் விடுறான்’ என்ற சொற்கள் நாக்கு நுனியில் நிற்பதால் வரும் பழக்கம் இது. அவை ஆளையே கேலி செய்யும் சொற்கள். ‘பிஞ்ச் ஆஃப் சால்ட்’ ஆளைத் தொடாது, பேச்சை மட்டும் தொடும்.

4. வாக்கியத்தைக் கட்டுங்கள்

வரிசை இதுதான்: முதலில் ‘டேக்’, நடுவில் நீங்கள் சந்தேகப்படும் பேச்சு, கடைசியில் ‘வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்’. தமிழில் நாம் பேச்சை முதலில் வைத்து வினையைக் கடைசியில் வைப்போம். அதனால் பழகும்போது நடுப்பகுதி நழுவி வெளியே போய்விடும். ‘டேக் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட் ஹிஸ் ஸ்டோரி’ என்று வருவது இதனால்தான். கையில் மூன்று காகிதத் துண்டுகளை வைத்து, நடுத்துண்டை மட்டும் மாற்றி மாற்றிப் படியுங்கள்.

நடுவில் சின்னதாக வைத்துத் தொடங்குங்கள்: ‘டேக் இட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்.’ பிறகு ஒரு பெயர்ச்சொல்: ‘டேக் தட் ரூமர் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்.’ அப்புறம் நீளமாக: ‘டேக் வாட் தி புரோக்கர் செய்ஸ் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்.’ இந்த மூன்றாவது வகை வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, ஏனென்றால் நிஜ வாழ்க்கையில் சந்தேகப்படுவது யாரோ சொன்னதைத்தான், ‘வாட் ஹீ செய்ஸ்’ இல்லாமல் ஓடாது.

காலத்தை மாற்றும்போது ‘டேக்’ மட்டும் மாறும், உப்பு அசையாது. ‘ஐ டுக் இட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்’ என்றால் அன்றைக்கே நான் கழித்துத்தான் கேட்டேன். யார் கழிக்க வேண்டும் என்று சொல்லாமல் பொதுவாகச் சொல்ல, ‘தீஸ் நம்பர்ஸ் ஷுட் பி டேக்கன் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்’. மெயிலிலும் அறிக்கையிலும் இந்த வடிவம்தான் நன்றாக இருக்கும், யாரையும் விரல் நீட்டவில்லை பாருங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களில்தான் வெளியூர்க்காரர் காதுக்கு உறுத்தும். ‘எ’ என்பதை ‘தி’ ஆக்கக் கூடாது. ‘சால்ட்ஸ்’ கூடாது. ‘டேக்’ இருக்கும் இடத்தில் ‘ஈட்’டும் ‘ஆட்’டும் வரக் கூடாது. பெரிது சிறிது என்ற அடைமொழி ‘பிஞ்ச்’சுக்கு முன்னால் வரும், ‘சால்ட்’டுக்கு முன்னால் வராது. நடுவில் ஆளின் பெயரை வைப்பதும் உண்டுதான், ஆனால் புதிதாகப் பழகுகிறவர்கள் அதை விட்டுவிடுங்கள். ஆளை வைத்தால் அவர் பொய்யர் என்பது போல ஒலித்துவிடும், அவர் சொன்னதை வைத்தால் ஒலிக்காது.

5. யாரைப் பற்றி, யார் முன்னால்

மூன்று இடங்கள் இருக்கின்றன. அங்கே இல்லாத ஒருவர் சொன்னதைப் பற்றிச் சொல்வது, எதிரே நிற்பவர் சொன்னதைப் பற்றிச் சொல்வது, நாமே சொல்லப்போவதைப் பற்றிச் சொல்வது. முதலாவது பெரும்பாலும் பாதுகாப்பு. இரண்டாவது வேண்டவே வேண்டாம்: ‘நீங்க சொன்னதைக் கழிச்சுத்தான் கேட்டேன்’ என்று விருந்தினர் முகத்தைப் பார்த்துச் சொன்னால் எந்த மொழியிலும் அது அடிதான்.

மூன்றாவதுதான் நம் தொழிலுக்குச் சோறு போடும். நீங்கள் சொல்லும் கதை முழுதாக நிச்சயம் இல்லை என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், விருந்தினர் சிரித்துக்கொண்டு காது கொடுப்பார். சொல்லாமல் அடித்துவிட்டால் மனசுக்குள் அவரே கழிக்க ஆரம்பித்துவிடுவார், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மைக்கும் அதே கழிவுதான்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்க்காத விருந்தினர் இல்லை. கண்ணாடி மாதிரி வழவழப்பு. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசியது என்று சொல்வோம், அது சரி. அதோடு நிறுத்தத் தெரிய வேண்டும். ‘இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் இத்தனை லட்சம் முட்டை’ என்று எண்ணிக்கை வந்து விழும் பாருங்கள், ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு லட்சம். அந்த எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஆசை இருந்தால் முன்னால் இதைப் போடுங்கள்: ‘டேக் திஸ் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட், பட் பீப்பிள் சே...’ எச்சரிக்கை முன்னால், கதை பின்னால். கதையைச் சொல்லி முடித்துவிட்டு ‘பட் டேக் இட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்’ என்று ஒட்டினால், அதுவரை ஏமாற்றிவிட்டு இப்போது ஒப்புக்கொள்வது போல இருக்கும். இலக்கணத்தில் இரண்டும் சரி, நடையில் முதலாவதுதான் சரி.

காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீட்டைக் காட்டும்போதும் இதே கதைதான். அது வீட்டின் பெயர். ‘இட் இஸ் கால்டு’ என்று தொடங்கினால் யாரும் உங்களை ஜன்னல் எண்ணச் சொல்ல மாட்டார்கள். ‘இட் ஹேஸ்’ என்று தொடங்கினீர்களோ, பத்து வயசுப் பிள்ளை ஒன்று கூட்டத்தில் இருந்தால் நிச்சயம் எண்ண ஆரம்பிக்கும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று விருந்தினரே சில சமயம் ஆரம்பிப்பார்கள். முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி எழுதி வைத்த ஒரு விஷமுறிவு மருந்து: உலர்ந்த வால்நட் இரண்டு, அத்திப்பழம் இரண்டு, அருவதா இலை இருபது, அதோடு ஒரு உப்புக்கல்லும் சேர்த்து இடித்து வெறும் வயிற்றில் தின்றால் அன்றைக்கு முழுக்க எந்த விஷமும் ஏறாதாம். அந்த உப்புக்கல்தான் இந்த உப்புக்கல் என்பார்கள். மருந்துக் குறிப்பு இருப்பது உண்மை. அதிலிருந்துதான் இது வந்தது என்ற முடிச்சு அவ்வளவு இறுக்கமானது அல்ல. வகுப்பில் இதை ஒரு புள்ளிப் பயிற்சிக்கு வைத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் இதில் நமக்கு வேலை இல்லை.

6. உங்களிடம் சொல்லப்பட்டால்

பேசுவதைவிட இது கஷ்டம். ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் (டைல்ஸ்) செய்யும் கொட்டகை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பையன் ஒருவன் விளக்கிக்கொண்டிருந்தான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கரண்டியால் நிறக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊற வைத்து வெயிலில் காய வைப்பதுதான். இதுவரை அருமை. ஒரு கல்லைக் கையில் தூக்கிப் பிடித்து, ‘திஸ் டிசைன், ஃபைவ் ஹண்ட்ரட் இயர்ஸ், நோ சேஞ்ச்’ என்றான்.

விருந்தினர் இங்கிலாந்தில் கட்டட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்லை வாங்கித் திருப்பி, அடியில் இருந்த சாம்பல் நிறச் சிமெண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ‘ஐ மைட் டேக் தட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்’ என்று புன்னகையோடு சொன்னார். பையன் காதில் விழுந்தது ‘டேக்’ மட்டும். கல்லை வாங்கிக்கொள்கிறார் என்று நினைத்து, ‘யெஸ் சார், தேங்க்யூ சார், பேக்கிங் ஃப்ரீ’ என்றான். போர்ட்லண்டு சிமெண்டுக்கு முதல் காப்புரிமை வாங்கியதே 1824-இல்தான் என்பது அவருக்குத் தெரியும், பையனுக்குத் தெரியாது. சண்டை ஒன்றும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, வண்டியில் ஏறும் வரை தலையை மட்டும் ஆட்டினார்.

ஆகவே இந்த வாக்கியம் உங்கள் காதில் விழுந்தால் முதலில் நன்றி சொல்லாதீர்கள். பாராட்டு மாதிரி சிரித்த முகத்தோடுதான் சொல்வார்கள், அதில் ஏமாற வேண்டாம். அடுத்து, வாதாடாதீர்கள். ‘நோ சார், ட்ரூ சார்’ என்று குரலை உயர்த்தினால் ஒரு புள்ளி மூன்று புள்ளியாகிவிடும். மூன்றாவதாக, எந்தப் பகுதி என்று கேளுங்கள்: ‘விச் பார்ட், சார்?’ அவர் முழுவதையும் சந்தேகப்படவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், மூன்றாம் படியிலேயே பார்த்தோமே. அவர் ‘தி ஃபைவ் ஹண்ட்ரட் இயர்ஸ்’ என்பார். அப்போது தெரிந்தால் விளக்குங்கள், இல்லாவிட்டால் ‘யூ ஆர் ரைட், தட்ஸ் வாட் பீப்பிள் சே’ என்று விட்டுக்கொடுங்கள். ஐந்நூறைக் கைவிட்டால் மீதி எல்லாம் நிற்கும்.

ஃபிரான்ஸிலிருந்து வருகிறவர்கள் இங்கே நிறைய. அவர்கள் மொழியில் இதற்கு உப்பு வராது, இடுக்கியால் பிடிப்பது என்பார்கள். நம்பத்தகாத பேச்சை விரலால் தொடாமல் சின்ன இடுக்கியால் எடுப்பது போல. ஆங்கிலத்தில் பேசும்போது அவர்கள் ‘ஐ ஆம் நாட் ஸோ ஷூர்’ என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். பிரிட்டிஷ்காரர் ‘வாட் எ லவ்லி ஸ்டோரி’ என்று சொல்லும்போதும் சில சமயம் உள்ளே ஒரு சிட்டிகை இருக்கும். குரலைக் கவனித்தால் பழகிவிடும்.

7. ‘டவுட்’டைத் தனியாகப் பிரித்து வையுங்கள்

சந்தேகத்தை ஆங்கிலத்தில் சொல்ல வந்தால் நம்மவர்களுக்கு முதலில் வரும் சொல் ‘டவுட்’. பள்ளிக்கூடத்திலிருந்தே ‘சார், எ டவுட்’ என்று கை தூக்கிப் பழகியிருக்கிறோம். அங்கே நாம் சொல்வது ‘ஒரு கேள்வி’. வெளிநாட்டுக்காரருக்கு அது கேள்வி அல்ல, நம்பிக்கைக் குறைவு. வரவேற்பில் ஒரு பையன் எழுத்துச் சரியாகத் தெரியாததால், ‘ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் பாஸ்போர்ட்’ என்றான். அந்த அம்மா முகம் போன போக்கை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ‘கேன் ஐ ஆஸ்க் யூ சம்திங்?’ போதும்.

இன்னொரு சிக்கல் ‘டவுட்’டும் ‘சஸ்பெக்ட்’டும். தமிழில் இரண்டுக்கும் சந்தேகம் என்றே சொல்கிறோம், ஆங்கிலத்தில் இரண்டும் எதிர்த் திசை. ‘ஐ டவுட் ஹீ வில் கம்’ என்றால் அவர் வர மாட்டார் என்று நினைக்கிறேன். ‘ஐ சஸ்பெக்ட் ஹீ வில் கம்’ என்றால் வந்துவிடுவார் என்று நினைக்கிறேன். கார் டிரைவர் வருவாரா என்று கேட்ட விருந்தினரிடம் இதை மாற்றிச் சொல்லி, ரயிலைத் தவறவிட வைத்த பெருமையும் எங்கள் வகுப்புக்கு உண்டு. ‘பிஞ்ச் ஆஃப் சால்ட்’ இந்த இரண்டிலும் சேராது. நடக்குமா நடக்காதா என்பதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை, சொன்ன பேச்சு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதுதான் அதன் கணக்கு.

8. மற்ற உப்புகளோடு கலக்காமல்

ஆங்கிலத்தில் வேறு உப்புகளும் உண்டு. ‘ரப் சால்ட் இன் தி வூண்ட்’ என்பது நம் ‘வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது’. ‘வர்த் ஹிஸ் சால்ட்’ என்றால் வாங்கும் சம்பளத்துக்குத் தகுதியான ஆள். ‘சால்ட் ஆஃப் தி எர்த்’ என்றால் சூதுவாது தெரியாத நல்ல மனுஷர். முதல் மாதத்தில் இவற்றைத் தொடாதீர்கள். ‘எங்கள் சமையல்கார ஆச்சி சால்ட் ஆஃப் தி எர்த்’ என்று சொல்ல நினைத்து, ‘டேக் அவர் ஆச்சி வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்’ என்று வந்துவிட்டால், அன்றைக்கு உங்களுக்கு மதியச் சாப்பாடு கிடைக்காது.

9. ஒரு வாரப் பயிற்சி

முதல் இரண்டு நாள் பேசவே வேண்டாம், நோட்டில் உள்ள ஐந்தையும் எழுத்தில் மட்டும் கட்டுங்கள். எழுதும்போதுதான் ‘தி’யும் ‘சால்ட்ஸ்’உம் கண்ணில் படும். மூன்றாம் நாள் ஜோடியாக உட்கார்ந்து, ஒருவர் அளக்க வேண்டும், மற்றவர் ‘விச் பார்ட்?’ என்று கேட்க வேண்டும். பேசும் பயிற்சியைவிடக் கேட்கும் பயிற்சியை முன்னால் வைப்பதற்குக் காரணம், உங்கள் வேலையில் இதை நீங்கள் சொல்வதைவிட உங்களிடம் சொல்லப்படுவது அதிகம்.

நான்காம், ஐந்தாம் நாள் கானாடுகாத்தானுக்கோ பள்ளத்தூருக்கோ போய், உண்மையான வீட்டு வாசலில் நின்று உங்கள் விளக்கத்தைச் சொல்லிப் பாருங்கள். எண் வரும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்துங்கள். அந்த எண் உங்களுக்கு எப்படித் தெரியும்? கல்வெட்டில் பார்த்தீர்களா, வீட்டுக்காரர் சொன்னாரா, முன்னால் இருந்த வழிகாட்டி சொன்னதா? முதலாவதை அப்படியே சொல்லலாம். இரண்டாவதற்கு ‘தி ஃபேமிலி செய்ஸ்’. மூன்றாவதற்குத்தான் உப்பு. ஒரு சுற்றில் இரண்டு தடவைக்கு மேல் உப்புத் தூவ வேண்டி வந்தால் வாக்கியத்தைக் குறைக்க வேண்டாம், கதையைக் குறையுங்கள்.

ஆறாம் நாள் ஓய்வு. ஏழாம் நாள் பழைய நோட்டைத் திறந்து, வைத்த புள்ளிகள் சரிதானா என்று பாருங்கள். ஒரு புள்ளி வைத்தது முழுப் பொய்யாகியிருக்கும், இரண்டு புள்ளி வைத்தது உண்மையாகியிருக்கும். மாற்றி வையுங்கள், பக்கத்தில் தேதியும் போடுங்கள். போன தடவை வகுப்பில் பெரும்பாலோர் கொத்தனாரின் ‘ரெண்டே நாள்’ பேச்சுக்கு ஒரு புள்ளிதான் வைத்திருந்தார்கள். என் வீட்டுத் தளத்துக்கு வந்திருப்பவரும் அவர்தான். சாரத்தை இன்னும் பிரிக்கவில்லை.